வைப்ரேட்டோ எங்கிருந்து வருகிறது? புதிதாகப் பாட வருபவர்களுக்கு மூச்சைப் பற்றி

என்னிடம் பாட்டு கற்றுக்கொள்ள வந்த ஒரு கல்லூரி மாணவி முதல் நாளே கேட்டது இதுதான்: “டீச்சர், எனக்கு வைப்ரேட்டோ மட்டும் வந்துட்டா போதும். மத்ததெல்லாம் ஓரளவு வருது.” சரி, பாடிக்காட்டு என்றேன். ஒரு சினிமாப் பாட்டின் பல்லவியைப் பாடினாள். நல்ல குரல். ஆனால் வரி முடியும் இடத்தில் கடைசி எழுத்தை நீட்டும்போது தாடை படபடவென்று ஆட ஆரம்பித்தது. மோவாய்க்குக் கீழே ஒரு விரலை வைத்துக்கொண்டு பாடச் சொன்னேன். விரலும் சேர்ந்து ஆடியது. பிறகு தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு அதே எழுத்தை நீட்டச் சொன்னதும் அசைவு மொத்தமும் நின்றுபோனது. அதோடு போகவில்லை. நான்கு நொடிக்குள் சத்தமும் தேய்ந்து, சுருதியை விட்டுக் கீழே இறங்கிவிட்டது.

வைப்ரேட்டோ வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருகிறார்கள். பத்து நொடி ஒரு கார்வை, அதாவது நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம், அசையாமல் நிற்காது. அந்தக் குறையை மூடத்தான் குரல் தன்னையறியாமல் நடுக்கத்தைத் தேடுகிறது. அதனால் வைப்ரேட்டோவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மூச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனாலும் அது என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம்.

நீண்டு நிற்கும் ஒரு ஸ்வரம் தன் இடத்தைச் சுற்றி மேலும் கீழுமாக ஒரே சீராக அலைவதுதான் வைப்ரேட்டோ. பயிற்சி பெற்ற குரல்களில் அது நொடிக்கு 5 முதல் 7 முறை நடக்கிறது. 5 கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண்ணின் ஷட்ஜத்தை, அதாவது ‘ச’வை, எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தொண்டைக்குள் அதிர்ந்து குரலை உண்டாக்கும் குரல் நாண்கள் நொடிக்கு 196 முறை மூடித் திறக்கின்றன. அரை ஸ்வரம் என்பது ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரம். மேலே அரை ஸ்வரத்தில் பாதி, கீழே அரை ஸ்வரத்தில் பாதி என்று அந்த ஷட்ஜம் அலைந்தால், அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 190க்கும் 202க்கும் இடையில் போய்ப் போய் வருகிறது. காது இதை இரண்டு ஸ்வரங்களாகக் கேட்பதில்லை. நடுவில் இருக்கும் 196ஐத்தான் சுருதியாக எடுத்துக்கொள்கிறது. அலைவதை ஒரு செழுமையாக, குரலின் ஈரமாக உணர்கிறது.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த கார்ல் சீஷோர், 1920களிலும் 30களிலும் ஆப்பரா பாடகர்களின் குரலைக் கருவிகள் கொண்டு அளந்து பார்த்தார். அந்தப் பாடகர்களின் நீண்ட ஸ்வரங்களில் கிட்டத்தட்ட எப்போதும் இந்த அலைவு இருந்தது. உண்மையில் அலையும் அளவைவிட மிகக் குறைவாகத்தான் கேட்பவர் காதில் அது விழுகிறது என்பதும் தெரிந்தது. நேராக நிற்கிறது என்று நாம் நினைக்கும் பல குரல்களும் உள்ளே அலைந்துகொண்டுதான் இருக்கின்றன.

வேகம் 5க்குக் கீழே போனால் குரல் தள்ளாடுவதாகக் காதில் படும். வயதாகும்போதும், பல வருடம் அழுத்திப் பாடிக் களைத்த தொண்டையிலும் இப்படி ஆகிறது. 7ஐத் தாண்டி வேகமாகப் போனால் ஆடு கத்துவதுபோல் இருக்கும். இத்தாலியப் பாட்டு வாத்தியார்கள் அந்தக் கோளாறுக்கு ஆட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இனி மூச்சு.

“வயித்துலேருந்து பாடு” என்று எல்லா ஊரிலும் சொல்லுகிறார்கள். கேட்கிற பிள்ளைகள் வயிற்றை உள்ளே இழுக்கிறார்கள், அல்லது முன்னால் தள்ளி இறுக்கிப் பிடிக்கிறார்கள். இரண்டுமே தப்பு. வயிற்றுக்குள் காற்று போவதில்லை. காற்று போவது நுரையீரலுக்கு மட்டும்தான். அதற்குச் சொந்தமாகச் சுருங்கி விரியும் தசை கிடையாது. அதன் அடியில் குடை விரித்ததுபோல் ஒரு தசைத் தகடு இருக்கிறது. அதன் பெயர் உதரவிதானம். அது சுருங்கும்போது குடை தட்டையாகிக் கீழே இறங்குகிறது, நுரையீரல் விரிந்து காற்றை உள்ளே வாங்குகிறது. கீழே இருக்கும் குடலுக்கும் இரைப்பைக்கும் போக இடமில்லை, அதனால் வயிறு முன்னால் எழும்புகிறது. அவ்வளவுதான். வயிறு எழுவது உதரவிதானம் இறங்கியதற்கான அடையாளம். அடையாளத்தை மட்டும் தனியாகச் செய்து காட்டுவதில் பலன் இல்லை.

இன்னொன்று, உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கும் தசை. வெளியே தள்ளுவது அதன் வேலையல்ல. நாம் பாடுவதோ மூச்சு வெளியே போகும்போது. ஆக, பாடும் நேரத்தில் உதரவிதானத்தால் தள்ளு என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. தள்ளும் வேலையை வயிற்றுச் சுவரின் தசைகளும் விலா எலும்புகளுக்கு இடையில் உட்பக்கமாக இருக்கும் தசைகளும் செய்கின்றன. அதிலும், எப்போது தள்ள வேண்டும், எப்போது தள்ளவே கூடாது என்பதில்தான் வித்தையெல்லாம் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் போதும். ஸ்ட்ராவைத் தண்ணீரில் 6 செ.மீ. ஆழத்துக்கு விட்டு, குமிழி வரும்வரை மெல்ல ஊதுங்கள். சாதாரணமாகப் பேசும்போது குரல் நாண்களுக்குக் கீழே இருக்கும் காற்றழுத்தம் சுமாராக அவ்வளவுதான். எவ்வளவு கொஞ்சம் என்று பாருங்கள். ஓங்கிப் பாடும்போது அது 20, 30 செ.மீ. தண்ணீர் அழுத்தம் வரை ஏறலாம். மெல்லப் பாடும்போது பேச்சின் அளவிலேயே நிற்கும்.

இப்போது நெஞ்சு நிறைய, இனி இடமில்லை என்கிற அளவுக்கு மூச்சை இழுத்து, உடம்பைத் தளர்த்திவிட்டால் என்ன ஆகும்? ஊதிய பலூனைப் போல நுரையீரலும் விலாக்கூடும் தாமாகவே சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருக்கம் மட்டுமே 30 செ.மீ. அளவுக்கு அழுத்தம் கொடுக்கும். மெல்லத் தொடங்க வேண்டிய பல்லவிக்குத் தேவை 6 அல்லது 7. வந்து நிற்பதோ 30. மீதி அழுத்தத்தை யார் தடுப்பது? பழகாதவர் உடம்பில் தொண்டைதான் தடுக்கிறது. குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன, கழுத்து நரம்பு புடைக்கிறது, நாக்கின் அடிப்பகுதி பின்னால் போய்க் குரல்வளையை அழுத்துகிறது. “நல்லா மூச்சு எடுத்துக்கோ” என்ற அறிவுரையைக் கேட்டுத் தம் கட்டிப் பாடும் பிள்ளைகள் முதல் வரியிலேயே கரகரப்பது இதனால்தான். அவர்களிடம் மூச்சு குறைவாக இல்லை, கூடுதலாக இருக்கிறது.

பழகிய பாடகர் உடம்பில் இந்தத் தடுப்பு வேலை தொண்டைக்கு வருவதில்லை. மூச்சை உள்ளே இழுத்த தசைகளே உடனே விட்டுவிடாமல், விலாவை விரித்தபடி பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் மிலான் நகரில் பாட்டு சொல்லிக்கொடுத்த ஃபிரான்செஸ்கோ லாம்பெர்த்தி, உள்ளே இழுக்கும் தசைகளுக்கும் வெளியே தள்ளும் தசைகளுக்கும் நடக்கும் இந்த இழுபறியைக் குரலின் போராட்டம் என்றே அழைத்தார். இத்தாலியர்கள் இந்த முறைக்கு வைத்த பெயர் அப்போஜியோ, சாய்ந்து நிற்பது என்று அர்த்தம்.

பாதி மூச்சு போனதும் நிலைமை மாறுகிறது. நுரையீரல் தானாகச் சுருங்கும் விசை தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் வயிற்றுத் தசைகள் உள்வாங்கித் தள்ள வேண்டும். மலையிலிருந்து சைக்கிளில் இறங்கி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டும், சமதரை வந்ததும் சும்மா விட்டுவிடலாம், அப்புறம் வேகம் குறையும்போது மிதிக்க வேண்டும். ஒரே வரிக்குள் இந்த மூன்றும் வந்து போகின்றன. புதிதாகப் பாடுபவர் இறக்கத்திலேயே மிதிக்கிறார். வரி முடியும்போது மிதிக்கக் காலில் தெம்பு இல்லை. என் மாணவிக்கு நான்கு நொடியில் சுருதி இறங்கியது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

யோகா வகுப்புக்குப் போய்விட்டு வருபவர்கள் பிராணாயாமம் செய்தால் பாட்டுக்கு வேண்டிய மூச்சு வந்துவிடும் என்று நம்புகிறார்கள். மனம் அடங்கவும், மூச்சைக் கவனிக்கப் பழகவும் அது நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கு வேறு. திருமந்திரத்தில் 16 மாத்திரை உள்ளே இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரையில் வெளியே விடச் சொல்கிறது. பாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. உள்ளே இழுக்கக் கிடைப்பது அரை நொடி. நிறுத்துவது அறவே கிடையாது. வெளியே விடுவது 8 நொடி, 10 நொடி, சில இடங்களில் அதற்கும் மேல். முக்கியமாக, மூச்சை நிறுத்தி வைக்கும் அந்தக் கும்பகம் பாட்டுக்குள் வரக் கூடாது. மூச்சை இழுத்து நிறுத்தினால் பெரும்பாலும் குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்ளும், பிறகு பாடத் தொடங்கும்போது ‘டக்’ என்று ஒரு வெட்டுச் சத்தத்தோடுதான் திறக்கும். ஊஞ்சல் பின்னால் போய் நிற்காமல் முன்னால் திரும்புவதுபோல, மூச்சு உள்ளே வந்த வேகத்திலேயே பாட்டாகத் திரும்ப வேண்டும்.

பெரியவர்கள் கழுத்தளவு ஆற்றுத் தண்ணீரில் நின்று பாடிச் சாதகம் செய்தார்கள் என்று ஒரு கதையை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். அதில் ஓர் உடலியல் நியாயம் இருக்கிறது. தண்ணீர் நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி அழுத்துவதால் மூச்சை உள்ளே இழுப்பதற்குத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். உள்ளே இழுக்கும் தசைகளுக்கு அது ஒரு தேகப்பயிற்சி. அதற்காக யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம். வீட்டுத் தரையிலேயே பழகுவதற்கு வழி இருக்கிறது.

தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேல் ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். படுத்திருக்கும்போது தோளை உயர்த்தி மூச்சு வாங்குவது கடினம், அதனால் உடம்பு தானாகவே சரியான வழிக்கு வந்துவிடும். மூச்சு உள்ளே போகும்போது புத்தகம் எழும். வெளியே விடும்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு சீறுவதுபோல் விடுங்கள். புத்தகம் சட்டென்று விழாமல், நிமிட முள் நகர்வதுபோல் இறங்க வேண்டும். முதல் வாரத்தில் 10, 12 நொடி வந்தால் போதும். சத்தம் முதலில் பலமாகவும் கடைசியில் ஒல்லியாகவும் போனால் நேரத்தைக் கூட்டாதீர்கள். ஒரே சத்தத்தில் 10 நொடி விடுவது, ஏறி இறங்கி 25 நொடி விடுவதைவிடப் பெரிய விஷயம்.

அப்புறம் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் கடைசி விலா எலும்பின்மேல், இடுப்புக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் வையுங்கள். என் குருநாதர் எனக்கு மூச்சைச் சொல்லிக்கொடுத்தது இப்படித்தான். விளக்கமே சொல்லாமல் என் கையை எடுத்துத் தன் விலாவில் வைத்துக்கொண்டு ‘ஆ’ என்று ஒரு நீண்ட அகாரம் பாடினார். முதலில் விலா கையைத் தள்ளிக்கொண்டு அகலமாக விரிந்தது. பாட்டு தொடங்கிய பிறகும் அது விரிந்தபடியே இருந்தது எனக்கு ஆச்சரியம். பாதிக்கு மேல் போன பிறகுதான் மெல்ல உள்ளே வந்தது. கடைசியில், மூச்சு தீர்ந்திருக்கும் என்று நான் நினைத்த இடத்தில், விலாவுக்குக் கீழே வயிறு ஒட்டிப் போவது தெரிந்தது. நாற்பது வருடம் ஆன பிறகும் அந்த விலா நகர்ந்த வரிசை என் கையில் அப்படியே இருக்கிறது.

மூச்சு சரியாக இருந்தும் சிலருக்குக் கார்வை நிற்காது. அதற்கு ஒரு சோதனை. ‘ஸ்’ எத்தனை நொடி வருகிறது, ‘ஆ’ எத்தனை நொடி வருகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். ‘ஸ்’ 22 நொடி வந்து ‘ஆ’ 9 நொடிதான் வருகிறது என்றால், காற்று இருக்கிறது, அது தொண்டையில் ஒழுகுகிறது என்று அர்த்தம். குரல் நாண்கள் ஒவ்வொரு சுற்றிலும் சரியாக மூடாததால் காற்று வீணாகிறது, குரலில் ஒரு புகை கலந்த சத்தம் இருக்கும். இவர்கள் இன்னும் மூச்சுப் பயிற்சியே செய்துகொண்டிருப்பதில் லாபம் இல்லை. குரல் நாண்களைச் சேர்த்து மூடப் பழக வேண்டும்.

அதற்கு நான் கண்ட சிறந்த வழி, குழந்தைகள் வாயில் பஸ் ஓட்டும் சத்தம். உதட்டைத் தளர்த்தி ‘ப்ர்ர்ர்ர்’ என்று விட்டுக்கொண்டே ச ரி க ம பாடுங்கள். உதடு நிற்காமல் படபடக்க வேண்டுமென்றால் காற்று சீராக வந்தே ஆக வேண்டும், ஏமாற்ற முடியாது. உதடு வராதவர்கள் ஒல்லியான ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியாக ‘ஊ’ என்று பாடலாம். அமெரிக்கக் குரலியல் அறிஞர் இங்கோ டிட்ஸே இந்த ஸ்ட்ரா பயிற்சியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து பரப்பியவர். வாயின் முன்புறம் பாதி அடைபட்டால் அங்கே ஓர் எதிரழுத்தம் உண்டாகிறது. அது மேலிருந்து குரல் நாண்களைத் தாங்குவதால் அவை ஒன்றோடொன்று மோதி நசுங்காமல் லேசாகச் சேர்கின்றன. கச்சேரிக்கு முன்பு ஐந்து நிமிடம் இதைச் செய்துவிட்டு வாயைத் திறந்து பாடினால் குரலில் பிசிறு குறைந்திருப்பது உங்களுக்கே கேட்கும்.

எங்கே மூச்சு வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடையில் முதலில் காதில் அடிபடுவது அதுதான். ‘வேலவனே’ என்ற சொல்லை ‘வேல’ என்று நிறுத்தி மூச்சு வாங்கி ‘வனே’ என்று பாடினால் அந்த வரி அங்கேயே செத்துப் போகிறது. பாட்டைக் கற்கும்போதே நோட்டில் மூச்சுக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும், சொல் முடியும் இடத்தில், பொருள் கெடாத இடத்தில். மூச்சு தீர்ந்த பிறகு வாங்குவது நீச்சல் தெரியாதவர் தலையைத் தூக்குவதுபோல. தீருவதற்கு முன்பே, இடம் கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் வாங்கிக்கொள்வதுதான் பழக்கம். வாங்கும்போது சத்தம் வந்தால் தொண்டை இறுகியிருக்கிறது. கொட்டாவி விடப்போகும்போது உள்ளே திறக்குமே, அப்படித் திறந்தால் சத்தம் வராது. மூக்கா வாயா என்றால், நேரம் இருக்கும்போது மூக்கு, இல்லாதபோது இரண்டும்.

சரி, இதெல்லாம் ஓரளவு கைவந்த பிறகு தொண்டையில் என்ன நடக்கிறது?

குரல் நாண்களின் நீளம் பெண்களுக்கு ஒன்றரை செ.மீ. அளவுக்குத்தான், ஆண்களுக்கு இரண்டு செ.மீ. சுமார். அதை இழுத்து நீட்டிச் சுருதியை ஏற்ற ஒரு தசை இருக்கிறது. நாணுக்குள்ளேயே இருந்து அதைச் சுருக்கித் தடிமனாக்கும் தசை இன்னொன்று. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்போது இரண்டும் எதிரெதிராக இழுத்து ஒரு சமநிலையில் நிற்கின்றன. ஒன்று கொஞ்சம் கூட இழுத்தால் மற்றது அதை உணர்ந்து பதிலுக்கு இழுக்கும். அந்தச் செய்தி நரம்பு வழியாகப் போய்த் திரும்ப ஒரு சிறு நேரம் பிடிப்பதால், பதில் எப்போதும் ஒரு கணம் தாமதமாகவே வருகிறது. தாமதமாக வந்ததால் அளவு தாண்டிவிடுகிறது. அதைச் சரிசெய்ய முதல் தசை இழுக்கிறது, அதுவும் தாமதம். தராசு முள் நடுவில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவதுபோல இது நடந்துகொண்டே இருக்கிறது. இந்த விளக்கத்தைக் கணக்கோடு மாதிரியாக அமைத்து டிட்ஸேயும் அவருடன் சேர்ந்தவர்களும் 2002இல் வெளியிட்டார்கள். நொடிக்கு 5, 6 என்ற வேகம் உலகமெங்கும் ஒரே அளவில் இருப்பதற்குக் காரணம் இதிலிருந்து தெரிகிறது. அது ரசனை முடிவு செய்த வேகம் அல்ல, நரம்பு முடிவு செய்த வேகம்.

முள் ஆட வேண்டுமென்றால் தராசு சுதந்திரமாக இருக்க வேண்டும். மூச்சைத் தடுக்கும் வேலையைத் தொண்டை ஏற்றுக்கொண்டிருந்தால் எல்லாத் தசையும் இறுகிப் போய் முள் அசையாது. காற்று ஒழுகும் குரலில் இழுத்துப் பிடிக்க எதிர்த்தசையில் விசையே இல்லை, அங்கேயும் அசையாது. இரண்டுக்கும் நடுவில், அழுத்தம் சீராகவும் தொண்டை தளர்வாகவும் இருக்கும் ஓர் இடத்தில் அது தானாக ஆடத் தொடங்குகிறது. நான் இவ்வளவு நேரம் மூச்சைப் பற்றிப் பேசியதற்கு இதுதான் காரணம்.

வராததை வரவழைக்கப் பார்க்கும்போது வருவது போலிகள். தாடையை ஆட்டுவது ஒன்று, அது கண்ணுக்கே தெரியும். நாக்கின் வேரை ஆட்டுவது இன்னொன்று, கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு துடிப்பது தெரியும். மூன்றாவது வயிற்றைக் குலுக்குவது. ‘ஹ-ஹ-ஹ-ஹ’ என்று வயிற்றால் காற்றை உதறினால் ஒலி கூடிக் குறையும், தூரத்திலிருந்து கேட்க வைப்ரேட்டோ போலவே இருக்கும். மேற்கத்தியப் புல்லாங்குழலில் மூச்சால் உண்டாக்கும் வைப்ரேட்டோ ஒரு முறையான உத்தி. ஆனால் குரலில் அதைப் பழக்கமாக்கினால் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வேகமான சங்கதிகளில் வயிறு குலுக்கலை விட முடியாமல் குரல் துண்டு துண்டாகிவிடுகிறது. சில ஆசிரியர்கள் தூண்டிவிடுவதற்காக மட்டும் இதைக் கொஞ்ச நாள் கொடுப்பதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

தூண்டுதல் வேண்டுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, அடுத்தடுத்த அரை ஸ்வரங்கள் இரண்டுக்கும் நடுவில் போய் வர வேண்டும், முதலில் தட்டுக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு, மூன்று, நான்கு. மூன்று வரை நீங்கள் பாடுகிறீர்கள். நான்கைத் தாண்டும்போது கை விட்டதுபோல் குரல் தானாக ஓட ஆரம்பித்தால் அதை ஓட விட்டு, கவனத்தை மூச்சின் மேல் வையுங்கள். ஓடவில்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் இதற்குக் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் பாட்டு கற்றவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். கமகமும் வைப்ரேட்டோவும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். இரண்டும் அசைவுதான், ஆனால் ஒன்றல்ல. ஆரம்பப் பாடமான சரளி வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் ரிஷபத்தையும் (ரி) தைவதத்தையும் (த) அசைத்துப் பாடச் சொல்வார்கள், காந்தாரத்தையும் (க) நிஷாதத்தையும் (நி) அசைக்காமல் நிறுத்தச் சொல்வார்கள். எந்த ஸ்வரம் அசைய வேண்டும், எங்கிருந்து எதுவரை, எந்தக் காலத்தில் என்பதெல்லாம் ராகம் சொல்லும் விதி. தோடி ராகத்தின் காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடியே இல்லை. ஆக, கமகம் பாடகர் தெரிந்து வைக்கும் அசைவு. அது ஒரு ஸ்வரத்தின் எல்லையைத் தாண்டி அடுத்ததைத் தொட்டு வரும், தாளத்தோடு வேகம் மாறும். வைப்ரேட்டோ எந்த ராகத்தையும் கேட்காமல், எந்த ஸ்வரத்திலும் அதே வேகத்தில் வருவது. அதனால்தான் அசையக் கூடாத காந்தாரத்தில் பெரிய வைப்ரேட்டோ வந்தால் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு உறுத்துகிறது. பிருகா இந்த இரண்டிலும் சேராது. அங்கே ஸ்வரங்கள் தனித்தனியாக, ஆனால் மின்னல் வேகத்தில் உதிர்கின்றன.

சினிமாப் பாட்டில் இவை எல்லாமே கலந்து வருகின்றன. வரியின் தொடக்கத்தை நேராக நிறுத்தி, முடிவில் மட்டும் மெல்ல அலையவிடுவது மெல்லிசையில் எல்லா மொழியிலும் இருக்கும் பழக்கம். கேட்பதற்கு அழகாக இருக்கும், பழகுவதற்கும் அதுவே வசதி, ஏனென்றால் முதலில் நேராக நிற்கத் தெரிந்தால்தான் முடிவில் அலைய முடியும். ஆனால் ஒலித்தட்டைக் கேட்டு அப்படியே வர வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1997இல் சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோ-டியூன் வந்த பிறகு, பாடியவரின் வைப்ரேட்டோவைத் தட்டையாக்கவும், இல்லாத இடத்தில் புதிதாகச் சேர்க்கவும் கணினியால் முடிகிறது. நீங்கள் போனில் கேட்கும் அந்த அலைவு முழுக்க முழுக்க ஒரு தொண்டையிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய பதிவுகளை, அல்லது நேரில் கச்சேரியைக் கேட்டுக் காதைப் பழக்குவது பாதுகாப்பு.

உடம்பைப் பற்றி இரண்டே விஷயம். குரல் உடையும் வயதில் இருக்கும் பையன்களிடம் வைப்ரேட்டோ எதிர்பார்க்காதீர்கள், அந்த வயதில் குரல்வளையே வளர்ந்துகொண்டிருக்கிறது, சுருதியை இறக்கி மெல்லப் பாட வைத்தால் போதும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயம், பனங்கற்கண்டு என்று தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைப் பார்த்துவிடுங்கள். பாடுபவர்களுக்குக் குரல் நாணில் சிறு முடிச்சு விழுவது உண்டு, தொடக்கத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் ஓய்விலும் குரல் பயிற்சியிலுமே சரியாகும்.

அந்த மாணவி வந்து இப்போது நான்கு மாதம் ஆகிறது. முதல் மாதம் முழுக்கப் பாட்டே கிடையாது என்றதும் முகம் வாடிப் போனாள். தரை, புத்தகம், ‘ஸ்’, பஸ் சத்தம், அதற்குப் பிறகு தம்புராவோடு ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும். வருகிற ஒவ்வொரு நாளும் நோட்டில் நொடிக்கணக்கு எழுதுகிறாள். ‘ஸ்’ 11இல் தொடங்கி 23 வந்திருக்கிறது. ‘ஆ’ 4இல் இருந்து 15. மோவாயில் விரலை வைத்தால் விரல் அசைவதில்லை. போன வாரம் மேல் ஷட்ஜத்தைப் பிடித்து 12 நொடி நின்றாள். நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது, சுருதி இறங்கவில்லை.

“இன்னும் வைப்ரேட்டோ வரலையே டீச்சர்” என்றாள்.

“வரலைம்மா. இன்னொரு தடவை அதே ஷட்ஜம். இந்தத் தடவை பாதி சத்தத்துல.”